வெளியே இருபத்து மூன்று டிகிரி

மனித குலம் இதுவரை இரண்டே இரண்டு மகத்தான கண்டுபிடிப்புகளைத்தான் செய்திருக்கிறது. ஒன்று, நெருப்பை உண்டாக்கலாம் என்பது. மற்றொன்று, உண்டாக்காமலே சமாளிக்கலாம் என்பது. முதலாவதைச் செய்த குகைவாசியின் பெயர் பதிவேட்டில் இல்லை. இரண்டாவதைச் செய்தவன் அடியேன், புடிமிர் ரிஸ்டானோவிச். எடை, அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். பன்னிரண்டாம் எண் கட்டடத்தின் குடியிருப்போர் மன்றத் தலைவனாகப் பதினோரு வருடம் தொண்டு செய்தவன். ஒவ்வொரு முறையும் ஏகமனதாகவே தேர்ந்தெடுக்கப்பட்டேன். தேர்தலன்று மற்றவர்கள் யாரும் வருவதில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் கட்டடத்தில் ஏழு மாடி, நாற்பத்திரண்டு வீடு. அக்டோபர் பதினைந்தாம் தேதி நகரத்தின் வெப்ப நிலையத்திலிருந்து, வீடுகளைச் சூடாக்கும் குழாய்களில் சுடுநீர் வரும். ஏப்ரல் பதினைந்தாம் தேதி நிற்கும். நடுவிலுள்ள ஆறு மாதமும் ஜனங்கள் வெறும் பனியனோடு வீட்டுக்குள் உலாத்திக்கொண்டு, ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துத் தெருவுக்கும் சேர்த்துச் சூடு காட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒரு ஜன்னலைத்தான், இரண்டைத் திறந்தால் குறுக்குக்காற்று வந்து ஆளையே முடக்கிவிடும், செர்பியாவில் எந்த முட்டாளும் அதைச் செய்யமாட்டான். இந்த ஊதாரித்தனத்துக்கு ஒரு முடிவு கட்டுவதென்று போன வருடம் தீர்மானித்தேன்.

கோடையில் நிலவறையில் ஒரு 'புத்திசாலி' எந்திரம் வந்து இறங்கியது. அதன் புத்தி எளிமையானது. வெளியே குளிர் கூடினால் வீடுகளுக்கு அனுப்பும் சூட்டைக் கூட்டும். வெளியே வெதுவெதுப்பாக இருந்தால் குறைத்துவிடும். வெளியே எப்படி என்று அதற்குச் சொல்வதற்காகக் கம்பியின் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வெள்ளைக் குமிழ். உணரி என்று பெயர். அதைப் பொருத்த வந்த லூபிஷா என்ற பணியாளர் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தரைத்தளத்தில் என் பால்கனிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, வடக்குப் பக்கம், நிழலு, நல்லாக் காத்தாடுற எடம். ஒங்க பால்கனிச் சொவருதான் வாகா இருக்கு."

"காத்தாடவா? குறுக்குக்காத்து பட்டா என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. இது பிளாஸ்டிக்கு."

"என் மச்சானும் இப்படித்தான் நெஞ்ச நிமித்திக்கிட்டுப் பேசினான். இப்ப பேர் சொல்லிக் கூப்பிட்டா முழு உடம்போட திரும்புறான். கழுத்து போயிடுச்சு."

லூபிஷா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குமிழைச் சுவரில் திருகிவிட்டு, பிளம் சாராயம் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பொறுப்பு என் தலையில் இறங்கியது.

பொறுப்பை நான் தட்டிக்கழிப்பவன் அல்ல. செப்டம்பரிலேயே பால்கனியைச் சுற்றிலும் கண்ணாடி போட்டு அடைத்தேன். எல்லாம் உணரியின் பாதுகாப்பை முன்னிட்டு. அதைக் கண்காணிக்க ஆள் வேண்டுமே என்று என் சாய்வு நாற்காலியை அங்கே நகர்த்தினேன். சும்மா கிடக்கும் இடத்தை வீணாக்கக் கூடாது என்பதால் சிவப்பு மிளகாய்ச் சரங்களை அதே சுவரில் தொங்கவிட்டேன். குமிழ் அவற்றுக்குப் பின்னால் பத்திரமாக மறைந்துகொண்டது. நவம்பரில் கண்ணாடியில் ஈரம் கோத்தது. அளவைக் கருவிக்கு ஈரம் ஆகாது என்பது முப்பத்தொரு வருட அனுபவம். ஆகவே ஒரு சிறிய விறகடுப்பை அதன் கீழே வைத்து, புகைக்குழாயைக் கண்ணாடி வழியாக வெளியே விட்டேன். என் மனைவி லெபோசவா கடைசியாக ஒரு காரியம் செய்தாள்.

"பாவம், மொட்டத் தலையோட நிக்குது" என்று சொல்லி, நீலக் கம்பளி நூலில் அதற்கு ஒரு குல்லா பின்னி மாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் ஆற்றல் சிக்கனத்தின் பொற்காலம் ஆரம்பமாயிற்று.

கட்டட வாசலில், தபால் பெட்டிகளுக்கு மேலே, எந்திரம் என்ன நினைக்கிறது என்பதைக் காட்டும் ஒரு சிறிய திரை உண்டு. டிசம்பர் முதல் வாரத்தில் அது 'வெளியே: 23°' என்று பச்சை எழுத்தில் ஒளிர்ந்தது. நான்காம் மாடி ஸ்வெதோஸார், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், முழங்கால்வரை பனியோடு உள்ளே வந்து அதன்முன் நின்றார்.

"தலைவரே, வெளிய இருபத்து மூணாம்ல?"

"இருபத்து மூணுதான்."

"என் மீசையில ஐஸ் தொங்குது. தொட்டுப் பாரும்."

"ஒம்ம மீசைக்குச் சான்றிதழ் இருக்கா? கருவிக்கு இருக்கு."

அவர் மீசையைத் தடவிக்கொண்டே படியேறினார். அளவை விஞ்ஞானத்தின் முன் மீசை என்ன செய்யும்?

வீடுகளில் சூடு குறைந்துவிட்டது என்று சிலர் முணுமுணுத்ததும் உண்மைதான். நான் உடனே மன்றக் கூட்டத்தைக் கூட்டினேன். ஒருவர் மூச்சு விட்டால் ஆவி தெரிகிறது என்றார். மூச்சு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி ஏது என்று கேட்டேன். இன்னொருவர் குளியலறைத் துண்டு விறைத்து நிற்கிறது என்றார். மடிக்க வேண்டிய வேலை மிச்சம் என்பதைச் சுட்டிக்காட்டினேன். இறுதியில், 'குளிர் என்பது தனிப்பட்ட அபிப்பிராயம். அதற்கு மன்றம் பொறுப்பல்ல' என்ற தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்ததால் எதிர்ப்பாக ஒரு கைகூட உயரவில்லை.

நான் அதிருஷ்டசாலி அல்ல, தகுதிசாலி. அதே வாரத்தில் நகரசபையிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். நகரத்திலேயே மிகக் குறைவாக வெப்பம் செலவழித்த கட்டடம் எங்களுடையது. முந்தைய வருடத்தைவிட நாற்பத்தொரு சதவீதம் குறைவு. சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை, முத்திரையும் கையொப்பமும் உள்ளதை, வாசல் சுவரில் அவர் கையாலேயே மாட்டினார். கோட்டைக் கழற்றாமலே அதிலிருந்ததை உரக்க வாசித்தார்: "இக்கட்டடத்தார் அனைவரும் இவ்வளவு குறைந்த வெப்பத்தில் குளிர்காலத்தைக் கழிப்பதற்கு முழுமுதற் காரணமானவர், திரு புடிமிர் ரிஸ்டானோவிச் அவர்களே." கூட்டம் நீண்ட நேரம் கைதட்டியது. கை சூடாகும்வரை தட்டினார்கள் என்று ஸ்வெதோஸார் பிறகு வதந்தி பரப்பினார்.

பொற்காலத்துக்கும் ஒரு இடைஞ்சல் வரத்தான் செய்கிறது. எங்களுக்கு அது ஏழாம் மாடியிலிருந்து வந்தது. அங்கே யாஸ்னா என்று ஒரு தையல்காரப் பெண். கணவன் ஜெர்மனிக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பான். அவளுக்கு அக்டோபர் கடைசியில் ஒரு மகன் பிறந்திருந்தான், இரண்டு மாதம் முந்திக்கொண்டு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். ஓக்னியென் என்று பெயர் வைத்திருந்தாள். எங்கள் மொழியில் அதற்குள் நெருப்பு இருக்கிறது. இப்போது அவனை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை படுக்கும் அறை இருபத்திரண்டு டிகிரி இருக்கவேண்டும். பிறந்த குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் ஸோர்கா வந்து அளந்து கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளை கைக்கு வரும்.

நர்ஸ் வந்து அளந்தார். பதினைந்து.

யாஸ்னா நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு கைக்கும் விரல் வெட்டிய கையுறை போட்டிருந்தாள்.

"தலைவரே, ஏழு டிகிரி வேணும். அவ்வளவுதான். கடனாக் குடுத்தாலும் சரி."

"மின்சார அடுப்பு ஒண்ணு வைக்கலாமேம்மா?"

"வச்சேன். செருகின ஒடனே ஏழாம் மாடி பூரா ஃபியூஸ் போயிடுச்சு. அந்தப் பழைய வயர மாத்தணும்னு மூணு வருசமா எழுதிக் குடுக்கிறேன், நீங்களும் மூணு வருசமா வாங்கி வச்சுக்கிறீங்க."

"பரிசீலனையில இருக்கு."

"ராத்திரி துணி தைக்கிறப்போ இஸ்திரிப்பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். என்னைய விடுங்க. அவன் ரெண்டரை கிலோதான் இருக்கான் தலைவரே. ஒரு பூனை கனம் கூட இல்ல."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் நாற்பத்தொரு சதவீதம் என்பதும் சாதாரண விஷயமா?

"யாஸ்னா, உணர்ச்சிவசப்படாத. வெளிய இருபத்து மூணு இருக்கிறப்போ எந்திரம் எப்படிம்மா சூடு அனுப்பும்? மே மாசத்துல யாராவது சூடு போடுவாங்களா?"

அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். படியேறிப் போனாள். லிஃப்டும் பரிசீலனையில் இருந்தது.

டிசம்பர் பத்தொன்பது எங்கள் குடும்பத்தின் புனிதர் நாள், செயின்ட் நிக்கோலஸ். அன்றைக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர் வரலாம். வந்தவரைப் போகச் சொல்லும் வழக்கமும் இல்லை. எதிரியே வந்தாலும் உட்கார வைத்து, வால்நட் கலந்த வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி கொடுத்து, தட்டு நிறையச் சாப்பாடு போடவேண்டும். நோன்புக் காலத்தில் இறைச்சி ஆகாது என்பதால் கெண்டை மீன். லெபோசவா காலையிலிருந்தே பொரித்துக்கொண்டிருந்தாள். சமையலறையும் பால்கனியும் ஒன்றாகக் கொதித்தன. மேசையைச் சுற்றிப் பதினாறு பேர், முகம் சிவந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நடுப்பகலில் யாஸ்னா வந்தாள். கூட நர்ஸ் ஸோர்கா. குட்டையான அம்மாள், கறுப்புப் பை, கோட்டின் தோளில் பனி.

"புனிதர் நாள் வாழ்த்து" என்றார் நர்ஸ், கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு. "இப்பதான் மேல அளந்துட்டு வர்றேன். இன்னைக்குப் பதினாலு. அந்தப் பெட்டி நாளைக்கு வேற புள்ளைக்கு வேணும். வீட்ல சூடு இல்லேன்னா இவனத் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இருநூறு கிலோமீட்டர்."

யாஸ்னா மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்று நர்ஸ் தொடர்ந்தார். "வாசல்ல வெளிய இருபத்து ஏழுன்னு போட்டிருக்கு. நான் வெளியில இருந்துதான வர்றேன்? எந்த வெளிய?"

விருந்தாளிகள் பதினாறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அளவைக் கருவியின் மானம் பந்தி நடுவில் கேள்விக்கு உள்ளாகிவிட்டது. முப்பத்தொரு வருடம் முத்திரை குத்திய கை சும்மா இருக்குமா?

"வாங்க, காட்டுறேன்" என்று எழுந்தேன்.

பால்கனிக்கு அழைத்துப் போய், மிளகாய்ச் சரங்களை விலக்கி, உணரியைக் காட்டினேன். நீலக் குல்லாவோடு கம்பீரமாக நின்றது. கீழே அடுப்பில் ஓக் விறகு வெடித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் குல்லாவைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். என் சாய்வு நாற்காலியையும், அதன்மேல் கிடந்த பாதி முடித்த குறுக்கெழுத்துப் போட்டியையும் பார்த்தார். பையிலிருந்து தன் வெப்பமானியை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தார்.

"சரியாத்தான் காட்டுது" என்றார். "இருபத்து ஏழு."

"பாத்தீங்களா!" என்றேன், விருந்தாளிகள் பக்கம் திரும்பி.

"அப்போ இதுதான் வெளிய?"

"பதிவேட்டின்படி இதுதான் வெளிய."

"வெளியன்னா பொது எடந்தான? யாருக்கும் சொந்தம் இல்லியே?"

கேள்வியின் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விதி விதிதான். "இல்ல" என்றேன்.

நர்ஸ் யாஸ்னா பக்கம் திரும்பினார். "அடுப்ப அணைச்சுட்டுச் சமையலறைக் கதவத் தெறந்து வச்சா இருபத்திரண்டு நிக்கும். தொட்டில எடுத்துட்டு வா கண்ணு. ஒன் புள்ள வெளியவே இருக்கட்டும்."

யாஸ்னா அந்த ஏழு மாடியை எப்படி ஏறினாள், எப்படி இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் தொட்டிலோடு வந்து நின்றாள். புனிதர் நாள், வந்தவளைப் போகச் சொல்ல முடியாது. தொட்டிலுக்கும் அதே மரியாதைதான் என்று என் மச்சான் முழு உடம்போடு திரும்பித் தீர்ப்புச் சொன்னான். லெபோசவா என் நாற்காலியைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டாள். அவளுடைய வேகம் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

மறுநாள் ஓக்னியென் நர்ஸோடு வந்து சேர்ந்தான். எங்கள் ஊரில் பிறந்த குழந்தையைப் பார்க்க எல்லோரும் வருவார்கள், வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஏழு மாடியும் இறங்கி வந்தது. ஒருவர் ரொட்டி, ஒருவர் துணி, ஒருவர் உள்ளங்கையைவிடச் சிறிய கால்சராய். வந்த ஒவ்வொருவரும் பால்கனிக்குள் காலை வைத்ததும் ஒரு கணம் நின்று, முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு கோட்டைக் கழற்றினார்கள். பிறகு தொட்டிலைப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் சுவரைப் பார்த்தார்கள்.

ஸ்வெதோஸார் குல்லாவைச் சுண்டுவிரலால் தொட்டார்.

"தலைவரே, இது யாரு?"

"உணரி."

"சளி புடிச்சிருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் யாஸ்னா முன்னால் வந்தாள். குல்லாவைக் கழற்றினாள். உதறினாள். குனிந்து மகனின் தலையில் மாட்டினாள். காது மூடி, நெற்றியில் ஒரு மடிப்பு விழுந்து, அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அவன் கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விட்டான். அங்கே இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ, என் ராசா!" என்றார்கள். நானும் சொல்லியிருக்கக்கூடும், அது பதிவேட்டில் இல்லை.

"கூட்டம் கலையட்டும்" என்றார் நர்ஸ் ஸோர்கா. "புள்ளையச் சமையலறைக்குக் கொண்டு போங்க. எடத்துக்குக் காத்து மாறணும். ஜன்னலையெல்லாம் தெறங்க."

"எல்லாத்தையுமா? குறுக்குக்காத்து!" என்று லெபோசவா கத்தினாள். ஜனங்கள் படிக்கட்டை நோக்கிச் சிதறி ஓடினார்கள். யுத்த காலத்தில்கூட நான் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை.

ஜன்னல்கள் திறந்தன. வெளியே இருந்த உண்மையான வெளி உள்ளே நுழைந்தது. குல்லாவை இழந்து, அடுப்பை இழந்து, வெறும் தலையோடு நின்ற உணரி பத்து நிமிடத்தில் மைனஸ் எட்டைத் தொட்டது. நிலவறையில் அந்தப் புத்திசாலி எந்திரம் திடுக்கிட்டு விழித்துக்கொண்டது. ஜூலை மாதத்தில் தூங்கப் போனவனை ஜனவரியில் எழுப்பினால் எப்படி இருக்கும்? குழாய்கள் இடித்தன, முனகின, மாடி மாடியாக ஏறின. கால் மணி நேரத்தில் ஸ்வெதோஸாரின் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது.

"சுடுது! ஏய், கைய வைக்க முடியல! சுடுதுடா!"

அன்று மாலை முழுக்க ஜனங்கள் குழாய்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஜன்னல் திறந்தே இருந்தது. மூடப் போன என்னை லெபோசவா தடுத்துவிட்டாள். மறுநாள் காலை நர்ஸ் ஸோர்கா ஏழாம் மாடிக்கு ஏறி அளந்தார். இருபத்து மூன்று. கையெழுத்துப் போட்டார். யாஸ்னா மகனைத் தூக்கிக்கொண்டு, படிக்குப் படி நின்று ஒவ்வொரு வாசலிலும் காட்டிக்கொண்டே மேலே போனாள். குல்லாவைத் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் மன்றக் கூட்டம். பதினோரு வருடத்தில் முதல்முறையாக நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. கையையும் பைக்கு வெளியே வைத்திருந்தார்கள். பால்கனிக் கண்ணாடியை அகற்றுவது என்ற முதல் தீர்மானம் முப்பது நொடியில் முடிந்தது. இரண்டாவதை ஸ்வெதோஸார் எழுப்பினார்.

"ரெண்டு மாசம் வெறைச்சுச் சாகக் கெடந்தோம். ஒரு பச்சப் புள்ள வீட்டுக்கு வர முடியாமக் கெடந்துச்சு. இதுக்கெல்லாம் காரணம் யாருன்னு தெரிஞ்சாகணும்."

நான் எழுந்து நின்றேன். தலைவன் என்பவன் இப்படிப்பட்ட நேரத்தில்தான் நிதானம் இழக்கக் கூடாது.

"ஆத்திரத்துல யாரையும் குத்தம் சொல்லக் கூடாது" என்றேன். "வாய்வார்த்தை செல்லாது. எழுத்துல இருக்கணும். அதிகாரம் உள்ளவங்க கையெழுத்துப் போட்டிருக்கணும். முத்திரை இருக்கணும். அப்படி ஒரு ஆதாரம் இருந்தாக் கொண்டு வாங்க, நானே தலைவணங்கி ஏத்துக்கிறேன்."

பின்வரிசையிலிருந்து யாஸ்னா வந்தாள், தோளில் நீலக் குல்லாவோடு மகன். தபால் பெட்டிகளைத் தாண்டிப் போய், சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றினாள். கண்ணாடியில் படிந்த தூசியைக் கையால் துடைத்தாள். கீழே முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், நிறுத்தி நிதானமாக வாசித்தாள்:

"இக்கட்டடத்தார் அனைவரும் இவ்வளவு குறைந்த வெப்பத்தில் குளிர்காலத்தைக் கழிப்பதற்கு முழுமுதற் காரணமானவர், திரு புடிமிர் ரிஸ்டானோவிச் அவர்களே."